ஒழுங்காகக் கழற்றிய ரயில் பாதை

ரயில்வே பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு,

உங்களில் ஒருவர் சென்ற வாரம் கேண்டீனில் என்னை மடக்கிக் கேட்டார்: “ஐயா, போட்ட திட்டமெல்லாம் மாறிப் போச்சுன்னா என்னா செய்யறது?” அவருக்குக் கிளந்தான் பக்கம் மாற்றல் வந்துவிட்டதாம். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம், பெண் வீட்டார் முகம் சுளிக்கிறார்களாம். வகுப்பெடுக்க வந்த யாரோ ஒருவர், திட்டம் மாறினால் இலக்கை மாற்றிக்கொள், மனத்தைத் தளரவிடாதே என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அது சரிதானா என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கிழவனுக்கு மண்டைக்கனம் என்று நினைத்திருப்பார். அந்தப் பதிலைக் கேண்டீன் சத்தத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

என்னைப் பேச அழைத்தவர்கள், இரண்டு தமாஷும் நாலு புத்திமதியும் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். புத்திமதி என்னிடம் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் நான் என் இலக்கை எத்தனை தடவை மாற்றிக்கொண்டேன், மாற்ற மாற்ற அது எப்படிச் சுருங்கியது என்பதை மட்டும், பேசுவதற்குப் பதிலாக எழுதித் தருகிறேன். தண்டவாளத்தை எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது என்பது இதில் இருக்காது. அது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லை என்று உங்களில் பலருக்குத் தெரியாது. முன்பு இருந்தது. தம்பினிலிருந்து மலாக்கா டவுன் வரை ஒரு கிளைப் பாதை ஓடியது. நான் அந்தப் பாதையின் பிள்ளை. அப்பா ரப்பர் தோட்டத்திலிருந்து தப்பித்து ரயில்வே கூலியாக வந்தவர். மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் வாடகை வீடு. அப்பா போன பிறகு அக்கா லெட்சுமியும் அவள் புருஷன் ஆறுமுகமும்தான் என்னை ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தார்கள். மச்சான் மலாக்கா பக்கத்துக் கேங்குக்கு மண்டோர், அதாவது பாதையைப் பராமரிக்கும் கூலிகளுக்குத் தலைவர். எனக்கு ரயில்வேயில் பயிற்சி வேலை கிடைத்தது. கோலாலம்பூரில் பரீட்சை எழுதித் தண்டவாள இன்ஸ்பெக்டராகத் திரும்பி வந்து, மச்சானுடைய கேங்குக்கே மேலதிகாரியாக நிற்பது என்று திட்டம். மச்சானும் அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார். “நாளைக்கு நீ தொரை. இன்னைக்கு அக்காவுக்குத் தண்ணி எடுத்துக் குடு” என்பார்.

சிரம்பானில் ஒரு பெண்ணையும் பேசி வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை என்றுதான் அவள் அப்பா சம்மதித்தார்.

பரீட்சை வருவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். எங்கள் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரே காலையில் காரில் ஏறிச் சிங்கப்பூர் பக்கம் போய்விட்டார்கள். போகும்போது ஸ்டோர் சாவியை நாராயணன் கையில் கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொன்னார்களாம். நாராயணன் எங்கள் ஸ்டோர் கிளார்க். காஜா பெராங்கில் எங்களுக்கு அடுத்த தெரு, மலாக்கா செட்டிக் குடும்பம். அவர்களுக்குச் சாமி நம்முடைய சாமி, பேச்சு மட்டும் மலாய். தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். அவன் அந்தச் சாவியை என்னிடம் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். ஓர் அரசாங்கமே ஓடிப் போய்விட்டது, நாங்கள் ஸ்டோருக்குக் காவல் இருந்தோம்.

சில மாதங்களில் பெண்ணின் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “அரிசி இருக்கிற வூட்டுக்குக் குடுத்துட்டோம் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அன்று மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அரிசி இருக்கிற வீட்டில் யாராவது கூப்பிட்டிருந்தால் நானும் போயிருப்பேன். ஆக, பரீட்சை போயிற்று, கல்யாணம் போயிற்று. சரி, வேலை இருக்கிறது, மச்சான் இருக்கிறார், பாதை இருக்கிறது, இதைக் காப்பாற்றினால் போதும் என்று இலக்கை மாற்றிக்கொண்டேன். உங்கள் கரும்பலகைக்காரர் என்னைப் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

பிறகு அந்தப் பாதையையே கழற்றச் சொன்னார்கள்.

சயாமில் புதிதாக ரயில் பாதை போடுகிறார்கள், அதற்கு மலாக்கா தண்டவாளம் வேண்டும் என்று உத்தரவு. அதைச் சொல்ல வந்தவர் ஜப்பான் ரயில் பட்டாளத்துப் பொறியாளர். மூக்குக் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். எல்லா ஜப்பானியரையும் போல அவரையும் நாங்கள் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், அதனால் என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் பாதையில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு, இது நன்றாக வைத்திருக்கிற பாதை என்று சொன்னார். மச்சானிடம் அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பாதையைப் பிடுங்கப் போகிறவன் பாராட்டுகிறான், மச்சானுக்கு என்ன முகம் காட்டுவதென்றே தெரியவில்லை.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தண்டவாளத்தில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, தூரத்தில் எங்கே வளைந்திருக்கிறது என்று பார்ப்பார். ஒரு நூல் விலகியிருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. வெள்ளைக்காரன் காலத்தில் வருஷா வருஷம் நன்றாக வைத்திருக்கும் பாதைக்கு முதல் பரிசு என்று ஒரு பலகையும் ஒரு ஆடும் கொடுப்பார்கள். பலகையைக் கேங் குடிசை வாசலில் நடுவார்கள், ஆட்டை எல்லோரும் சேர்ந்து தின்பார்கள். மச்சானுடைய கேங்குக்குத்தான் பல வருஷம் கிடைத்தது. அக்கா அந்தப் பலகையைப் பற்றி மார்க்கெட்டில் போய்ப் பேசாத நாள் கிடையாது.

உத்தரவு வந்த அன்று கேங் ஆட்கள் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஓடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எங்கே ஓடுவது? தோட்டங்களில் லாரி லாரியாக ஆட்களை அள்ளிச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டவுனில் நடந்துபோகிறவனைக்கூடப் பிடித்தார்கள். ரயில்வே ஆள் என்று கையில் கட்டிய துணிப்பட்டை இருக்கும் வரைதான் எங்களை விட்டு வைப்பார்கள். ஆக, கழற்றித்தான் ஆக வேண்டும்.

மச்சான்தான் அப்போது சொன்னார். “வெள்ளக்காரன் ஒரு நாளைக்குத் திரும்பி வருவான். இந்த ரயிலும் திரும்பி வரும். எது எங்க இருந்துச்சுன்னு தெரியாம அப்ப முழிக்கக் கூடாது. ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நம்பர் போடுவோம். போல்ட்டுக்கு எண்ண போட்டு எடுத்து வப்போம். எடுத்த இடத்துலயே திருப்பிப் போடலாம்.”

எல்லோருக்கும் உயிர் வந்தது போல் ஆயிற்று. எனக்கும்தான். பாதை போனாலும் பாதையின் ஒழுங்கு போகாது, அதைக் காப்பாற்றுவோம் என்று மறுபடியும் இலக்கை மாற்றிக்கொண்டோம். சுண்ணாம்பைக் கரைத்து நம்பர் போட்டார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்து, செம்பனை எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டினார்கள். கட்டைகளை அளவு பார்த்து அடுக்கினார்கள். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். “தலைக்கு வைக்க ஒரு சொட்டு எண்ண இல்ல, இவரு போல்ட்டுக்கு எண்ண தேய்ச்சிக் குளிப்பாட்டுறாரு” என்று திட்டுவாள். திட்டிவிட்டு, அன்றைக்கு எவ்வளவு தூரம் முடிந்தது என்று கேட்டுக்கொள்வாள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

நாராயணனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஒரு நாள் ஸ்டோர் வாசலில் அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்துவிட்டு மச்சானிடம் வந்தான். “ஜாங்ஙான் பிக்கின் பாகுஸ்-பாகுஸ், மண்டோர். ஓராங் தெங்கோக், ஓராங் மாவ்” என்றான். இவ்வளவு அழகாகச் செய்யாதே, பார்க்கிறவன் எனக்கு வேண்டும் என்பான் என்று அர்த்தம்.

மச்சான் சிரித்தார். “கெடுத்துச் செய்யறது எப்படின்னு எனக்குத் தெரியாதே நாரா. நீ வேணும்னா கத்துக் குடு.” நான் அதை மலாயில் சொன்னேன். நாராயணன் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டான்.

தம்பின் பக்கத்திலிருந்து இன்னொரு கேங் கழற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் வேலை நாய் புகுந்த அடுப்படி மாதிரி இருந்தது. போல்ட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு உடைத்தார்கள். இணைப்புத் தகடுகளைச் சாக்கடையில் போட்டார்கள். தண்டவாளத்தைக் கீழே போட்டு வளைத்தார்கள். மாஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு, கூட இருந்த சிப்பாயை விட்டு அவர்களுடைய மண்டோரைக் கன்னத்தில் அறையச் சொன்னார். இனி ரயில் பக்கமே வராதீர்கள் என்று மொத்தக் கேங்கையும் விரட்டினார். மிச்ச வேலையையும் மச்சானுடைய கேங்குக்கே கொடுத்தார். அன்று சாயங்காலம் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தக் கேங்கில் இருந்தவர்களை நான் பின்னால் பல வருஷம் தம்பின் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அறை வாங்கிய மண்டோர் நன்றாகப் பருத்துப் போயிருந்தார்.

கடைசித் தண்டவாளத்தை எடுத்த அன்று மாஸ்டர் எங்கள் கேங்கை மலாக்கா ஸ்டேஷன் முற்றத்தில் வரிசையாக நிற்க வைத்தார். இப்படி ஒரு கேங்கை மலாயாவில் எங்கும் பார்க்கவில்லை என்றார். மச்சானைப் பார்த்துத் தலையைக்கூடத் தாழ்த்தினார். அதற்குப் பிறகு, இந்தத் தண்டவாளத்தோடு இந்தக் கேங்கும் சயாமுக்குப் போகும், நம்பர் போட்டவர்களே அங்கே போட வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார். அதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொன்ன வாய் என்னுடையது. ஆட்களின் முகத்தை நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

வீட்டில் அக்கா அழவில்லை. பிள்ளை பிறக்க இன்னும் அதிக நாள் இல்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நீதான் அவன்கிட்ட இங்கிலீஸ் பேசறியே. என்னத்தையாச்சும் சொல்லு. என் புருஷன விட்டுட்டுப் போகச் சொல்லு” என்றாள். மச்சானைப் புக்கிட் ரம்பாயில் தெரிந்தவர் வீட்டில் ஒளித்து வைக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “நான் ஓடினா உன்னையும் அக்காவையும் இழுத்துக்கிட்டுப் போவான்” என்றார். அது உண்மைதான். அப்படி இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறோம். கேங்கில் எல்லோரையும் காப்பாற்ற முடியாது, மச்சான் ஒருத்தரையாவது காப்பாற்ற வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். பாருங்கள், இலக்கு எவ்வளவு சின்னதாகிவிட்டது. அதற்காக வெட்கப்படக்கூட அன்றைக்கு நேரம் இல்லை.

நான் போட்ட யோசனை இதுதான். மலேரியாக் காய்ச்சல் என்று மச்சான் படுத்துக்கொள்ள வேண்டும். நடுங்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லக் கூடாது. கேங்கில் அடுத்த ஆளாக இருந்த முனியாண்டியிடமும் சொன்னேன். அவன், “மண்டோரு இருக்கட்டும், நாங்க போயிட்டு வந்துர்றோம். மூணு மாசந்தானே” என்றான். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் மச்சான் அரை மனசாகத் தலையாட்டினார். கேங்கில் வேறு எவன் பெண்டாட்டியாவது பிள்ளைத்தாச்சியாக இருந்தால் அவனுக்கும் நான் இதைச் செய்வேனா என்று ஒரு தடவை கேட்டார். செய்வேன் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

மறுநாள் காலை தண்டவாளங்களை லாரியில் ஏற்றினார்கள். மச்சான் முற்றத்து ஓரத்தில் ஒரு அங்சானா மரத்தடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். நான் மாஸ்டரிடம் போய் வணங்கி நின்றேன். மண்டோருக்குக் கடுமையான மலேரியா, எழுந்திருக்கவே முடியவில்லை, வழியில் செத்துவிடுவார், முனியாண்டி கேங்கை நடத்துவான் என்று சொன்னேன்.  அவர் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்.  பிறகு, சரி, அவரை விட்டுவிடுங்கள், குணமாகட்டும் என்றார்.

தம்பிகளே, அந்த வார்த்தையை என் காதால் கேட்டேன். விட்டுவிடுங்கள் என்று சொன்னார். அப்போதே ஓடிப்போய் அக்காவிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

ஓடவில்லை. லாரி புறப்படும் வரை நிற்பதுதான் முறை என்று நின்றேன். ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பயத்திலும் அழுகையிலும் இருந்தார்கள், வேலையில் யாருக்கும் கவனம் இல்லை. சங்கிலியைச் சரியாகப் பூட்டவில்லை. தண்டவாளம் ஒன்று சாய்ந்து நழுவ ஆரம்பித்தது. கீழே முனியாண்டி முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தான். நான் பார்த்தேன். ஒரு சத்தம்கூட என் வாயிலிருந்து வரவில்லை.

மச்சான் கம்பளியை உதறிவிட்டு ஓடி வந்தார். “புடி! புடி! முனியாண்டி, நவுருடா!” என்று அவர் போட்ட சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. தோளைக் கொடுத்துத் தண்டவாளத்தைத் தாங்கிக்கொண்டார். மற்றவர்கள் ஓடி வந்து பிடித்தார்கள். முனியாண்டி தப்பித்தான். அதோடு நின்று மறுபடியும் போய்ப் படுத்திருக்கலாம். அவர் அங்கேயே நின்றார். சங்கிலியை அவிழ்த்து, ஒழுங்காகப் பூட்டி, இழுத்துப் பார்த்து, இன்னும் ஒரு கட்டையைக் கொண்டுவரச் சொல்லி முட்டுக் கொடுத்தார். யாரையோ திட்டினார். வேலை முடிந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்தது. மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “காய்ச்சல் போய்விட்டது. நல்ல மண்டோர்” என்று என்னிடம் சொன்னார். ஒரு சிகரெட்டை எடுத்து மச்சானிடம் நீட்டினார். சுரம் வந்து வந்து போகும், இப்போது விட்டிருக்கிறது, மறுபடியும் வரும் என்று நான் ஏதேதோ பிதற்றினேன். அவருக்குப் பதிலாக என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பேனா பிடித்த கை. விட்டுவிட்டார்.

மச்சான் லாரியில் ஏறும்போது, “என்னா செய்யறது தம்பி, அவன் செத்துருப்பான்” என்றார். அவ்வளவுதான் பேசினார். அவர் எழுந்தது சரியா தவறா என்று இன்றுவரை நான் யோசிக்கிறேன். எழுந்தது சரி. அதற்குப் பிறகு எதற்காகச் சங்கிலியைப் பூட்டினார்? அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் ஆத்திரம் வருகிறது. ஆத்திரப்பட்டுவிட்டு அழுகிறேன்.

அடுத்த மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கௌரி என்று பெயர் வைத்தோம். மூன்று மாதம் போயிற்று, அதற்கு மேலும் பல மாதம் போயிற்று. விசாரிக்கப் போன அலுவலகத்தில் வணங்கச் சொன்னார்கள், வணங்கினேன், வெளியே போகச் சொன்னார்கள். மச்சானைத் திரும்பக் கொண்டுவருவது என்ற இலக்கும் போய், அக்காவும் குழந்தையும் சாகாமல் இருந்தால் போதும் என்று வந்து நின்றேன். தண்டவாளம் இல்லாத மேட்டின் ஓரத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டேன். எந்தப் பாதைக்கு இன்ஸ்பெக்டராக வேண்டும் என்று நினைத்தேனோ அதே பாதையில் மண்வெட்டியோடு நின்றேன். கல்லும் கரியும் கலந்த மண், கிழங்கு விரல் அளவுக்கு மேல் தடிக்கவில்லை. நாராயணன் வீட்டில் எப்போதாவது மீன் கிடைத்தால் ஒரு துண்டு எங்களுக்கு வரும்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். வெள்ளைக்காரன் வந்தான். மலாக்காப் பாதை திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு முதல் நாள் செட்டி வீடுகளில் பார்ச்சு வைப்பார்கள், இறந்து போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைப்பது. அந்த வருஷம் நாராயணனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, மண்டோருக்கும் ஒரு இலை போடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். அக்கா எழுந்து நின்றாள். “சியாப்பா சாக்காப் டியா மாத்தி?” என்று கத்தினாள். அவர் செத்துவிட்டார் என்று யார் சொன்னது என்று கேட்டாள். அந்த அம்மாள் சேலைத் தலைப்பு மாதிரி போட்டிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு முனியாண்டி வந்தான். யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. காலில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் இருந்து ஆறிய தழும்பு. கேங்கிலிருந்து திரும்பியது அவன் ஒருத்தன்தான். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“போன ஒடனேயே கேங்கப் பிரிச்சிட்டானுங்க அக்கா. நானும் அண்ணனும் மட்டும் கொஞ்ச நாள் ஒண்ணா இருந்தோம். நான் படுத்துட்டேன், கால் அழுகிப் போச்சு. இவன் லாயக்கில்லன்னு கீழ் முகாமுக்கு அனுப்பிட்டான். அதனால பொழச்சேன். அண்ணன விடல. நல்ல மண்டோரு, நல்ல மண்டோருன்னு மேல மேல அனுப்பிக்கிட்டே இருந்தானுங்க. ஒரு முகாம்ல வேல முடிஞ்சா அடுத்த முகாம். கடேசில காலரா வந்த எடத்துக்கு அனுப்பிட்டானுங்க, அங்கேயே போயிட்டாருன்னு அங்கேருந்து வந்தவங்க சொன்னாங்க. போட்ட பாத கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுதுண்ணேன்னு நான் ஒரு வாட்டி சொன்னேன். கேக்கலக்கா. கோணலா விட அவருக்கு முடியல.”

அக்கா எழுந்து உள்ளே போனாள். அவனுக்குக் கிழங்கு வைத்துக் கொடுத்தாள். அவன் தின்று முடித்துப் போன பிறகு என்னிடம், “இனிமே இந்த வூட்டுல யாரும் ஒழுங்கா வேல செய்யக் கூடாது” என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

பிற்பாடு எனக்குப் பரீட்சை வந்தது, எழுதினேன், வேறு பகுதியில் இன்ஸ்பெக்டரானேன். முதலில் ஆசைப்பட்ட நாற்காலிதான். கையில் வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேங் கேங்காகப் போய், பாதையை ஒழுங்காக வைத்திருங்கள் என்று கத்தினேன். அதைச் செய்யத்தான் எனக்குச் சம்பளம். என் கீழே இருந்த நல்ல மண்டோர் யாரையும் நான் எதிரில் பாராட்டியது கிடையாது. கடுகடுப்பான மனிதர் என்று பேர் வாங்கினேன். காரணம் யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரியும்.

கிளந்தான் போகிற தம்பிக்கு: போங்கள். பெண் வீட்டார் காத்திருந்தால் காத்திருக்கட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். திட்டம் மாறினால் இலக்கை மாற்றிக்கொள் என்று எழுதிப் போட்டவர் பொய் சொல்லவில்லை. மாற்றிக்கொண்டுதான் நானும் உயிரோடு இருக்கிறேன். ஆனால் அதை ஒரு சாமர்த்தியம் போல் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டது, முன்பு இருந்ததை இழந்துவிட்டதால்தான். நல்லபடியாக வேலை செய்தால் நல்லது நடக்கும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. மோசமாகச் செய்யுங்கள் என்று சொல்லவும் வராது. இரண்டுக்கும் நடுவில் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டால், நான் கண்டுபிடிக்கவில்லை.

கௌரி தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், ஒரு தடவை விடுமுறையில் காஜா பெராங்குக்குப் போனேன். பள்ளியிலேயே அழகான கையெழுத்து என்று அவளுக்கு முதல் பரிசு கொடுத்திருந்தார்கள், ஒரு தகர டப்பா நிறையக் கலர் பென்சில். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருக்கோடியிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையை அடி அடியென்று அடித்தாள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன், என் மேலும் விழுந்தது.

“கோணலா எழுதுடி. கோணலா எழுதுனா எவனும் உன்னக் கூப்புட மாட்டான். எங்கிட்டயே இருப்பே” என்றாள். சொல்லிக்கொண்டே அடித்தாள்.

கௌரி என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். “மாமா, நான் என்னா தப்பு செஞ்சேன்? நீங்க சொல்லுங்க மாமா” என்று விம்மினாள்.  

அடுத்த விடுமுறைக்குப் போனபோது அவள் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துக் கோணலாக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் லாரியில் ஏறிய பிறகு அவள் முகத்தில் நிம்மதியை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.